கையும் இறக்கையும்

டாக்டர் உமாபதி கண் அறுவை செய்வதையே நிறுத்தியதற்கு ஒரே ஒரு கணம்தான் காரணம்.

வழக்கமான கண்புரை ஆபரேஷன். புது லென்ஸை உள்ளே வைக்கும் நேரம், கருவியின் நுனி லேசாக அசைந்த மாதிரி அவருக்குப் பட்டது. உடனே கையை வெளியே எடுத்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு வைத்து முடித்தார். அந்தப் பெரியவருக்குப் பார்வை நன்றாகவே வந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் நர்ஸிடம் கேட்டார். "என் கை நடுங்கிச்சா?"

"இல்லையே டாக்டர்."

கூட நின்ற இளம் டாக்டர் ஷமீமாவிடம் கேட்டார்.

"நான் கவனிக்கல சார்."

மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், வட்டம் வட்டமாக வரையச் சொன்னார், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். "இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கொஞ்ச நாள் பார்ப்போம்."

பார்ப்பதுதான் உமாபதிக்கு வேலையாகிப் போனது. காலையில் காப்பி டம்ளரைத் தூக்கினால் கையைப் பார்ப்பார். சட்டைப் பொத்தான் போடும்போது பார்ப்பார். சில நாள் நடுங்கியது. பார்ப்பதால் நடுங்குகிறதா, நடுங்குவதால் பார்க்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஆபரேஷனை எல்லாம் ஷமீமாவிடம் விட்டுவிட்டு, வெளிநோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால்தான் வேண்டும் என்று கிராமத்திலிருந்து வந்தவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்.

அப்போதுதான் ஜெனோவா டீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டார். பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர். மரத்தில் குட்டி விமானம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே வறண்டு கிடக்கும் கண்மாயில் ரிமோட்டால் பறக்கவிடுவார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். காகிதம் மாதிரி மெல்லிய மரம், விரல் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள்.

உமாபதி அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. உமாபதிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"எனக்கு விமானம் வேண்டாம் டீச்சர். நான் வேலை செய்யும்போது என் கையை மட்டும் பாருங்க. நடுங்குதா இல்லையான்னு சொன்னாப் போதும்."

ஜெனோவா அவர் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை.

"சொல்றேன் சார். ஆனா விமானம் பறந்து இறங்கினப்புறம்தான் சொல்வேன்."

"அது எதுக்கு?"

"மேல வாங்க. பெட்டியைப் பிரிப்போம்."

மாடி அறையில் நீள மேசை. பெட்டிக்குள் பால்சா மரத் தகடுகள். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. தகட்டிலிருந்து துண்டுகளைப் பெயர்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வரைபடத்தின்மேல் வைத்து ஊசி குத்தி, பசை விட்டு ஒட்ட வேண்டும். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் துண்டுகளுக்கு ரிப் என்று பெயர்.

உமாபதி உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு ரிப் மயிரிழை சாய்ந்தாலும் பிடுங்கி மறுபடி நட்டார். ஜெனோவா எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினார்.

"டீச்சர், பார்க்கிறீங்களா?"

"எதை?"

"கையை."

"ம்."

"என்ன தெரியுது?"

"பசை இன்னும் காயல சார்."

அடுத்த வாரமும் கேட்டார். அதே பதில். பசையைச் சொல்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று உமாபதி குழம்பினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தார்.

ஒரு நாள் ஒரு ரிப் அவர் விரலுக்கு நடுவில் படக்கென்று ஒடிந்தது.

"பார்த்தீங்களா? நடுங்கிருச்சு."

ஜெனோவா திருத்திக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். இன்னொரு ரிப்பை எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினார். அதுவும் ஒடிந்தது.

"இதுவும் ஒடியுது" என்றார்.

ஆறுதல் சொல்கிறாரா, மரத்தைக் குறை சொல்கிறாரா, கேலி செய்கிறாரா? உமாபதிக்கு விளங்கவில்லை. பெட்டியில் வேறு ரிப் கிடையாது. அன்று பொழுது சாயும்வரை வெறுந்தகட்டில் வரைந்து புதிதாக இரண்டு ரிப் அறுத்தார். ஜெனோவா தான் ஒடித்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

எலும்புக்கூடு முடிந்தது. மேலே மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் தாளை விரித்து, சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார்கள். சூடு பட்டதும் தாள் இறுகித் தோல் மாதிரி பிடித்துக்கொண்டது. மோட்டார், பேட்டரி எல்லாம் உள்ளே போயின. முழு விமானத்தையும் இரண்டு கையிலும் ஏந்தி நின்றபோது உமாபதி முதல் தடவையாகக் கையை மறந்தார். அதை அவர் கவனிக்கவில்லை.

கண்மாய்க்குப் போனார்கள். வெடித்த கரிசல் தரை, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கங்கே ஆடுகள் மேய்ந்தன. ரிமோட் இரண்டு, நடுவில் ஒரு வயர். உமாபதி ஓட்டலாம். ஏதாவது தப்பாகப் போனால் ஜெனோவா தன் ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டுவார், விமானம் அவர் கைக்குப் போய்விடும்.

முதலில் ஜெனோவாவே மேலே ஏற்றினார். ஏறியதும் விமானம் வலப்பக்கமாக இழுத்தது.

உமாபதியின் முகம் விழுந்துவிட்டது. "இறக்கை கோணல். எல்லாம் இந்தக் கைதான்."

ஜெனோவா ரிமோட்டின் ஓரத்தில் இருந்த சின்ன விசையை இரண்டு தடவை நகர்த்தினார். விமானம் நேராகப் போனது.

"கோணல் எங்கே போச்சு டீச்சர்?"

"எங்கேயும் போகல. அங்கேதான் இருக்கு."

"அப்புறம் எப்படி நேராப் போகுது?"

"நேராத்தானே போகுது சார்."

இது பதிலா? அந்த வாரம் முழுக்க உமாபதிக்கு இதே நினைப்பு. கோணலாக இருக்கிற ஒன்று எப்படி நேராகப் போகும் என்று ஷமீமாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"மாறுகண்ணைப் பத்திக் கேட்கிறீங்களா சார்?" என்றார் ஷமீமா.

ஓட்டப் பழகியபோது குழப்பம் இன்னும் கூடியது. விமானம் தன்னை விட்டுத் தள்ளிப் போகும்போது இடது என்றால் இடது. அதுவே திரும்பித் தன்னைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடுகிறது. உமாபதி ஒரு பக்கம் தள்ள, அது மறுபக்கம் சாய்ந்து தரையைப் பார்த்துப் பாயும். ஜெனோவா பொத்தானைத் தட்டிக் காப்பாற்றுவார். திரும்பக் கொடுப்பார். மறுபடி பாயும். மறுபடி தட்டுவார்.

"டீச்சர், தப்புப் பண்றது என் கையா, என் தலையா?"

"விமானம் எங்கே இருக்கு பாருங்க."

"அதை ஏன் கேட்கிறீங்க? நான் கேட்டது வேற."

"பார்த்துச் சொல்லுங்க."

"கருவேலத்துக்கு மேல."

"ம். வளைச்சு இங்க கொண்டுவாங்க."

வாரங்கள் போயின. மேலே வைத்திருக்க உமாபதிக்கு ஓரளவு வந்துவிட்டது. இறக்க மட்டும் வரவில்லை. தரை நெருங்கினதும் அவர் கண் தானாகத் தன் விரலுக்கு வந்துவிடும். ஜெனோவா எடுத்து இறக்கிவிடுவார்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டுப் பேசினார். திங்கட்கிழமையிலிருந்து யார் ஆபரேஷன் செய்வது என்று பேர் போட வேண்டும். "செய்றீங்கன்னா செய்றேன்னு சொல்லுங்க. இல்லேன்னா நான் வெளியிலிருந்து ஆள் பார்க்கணும். உங்களைச் சங்கடப்படுத்தல டாக்டர், எனக்கும் ஒரு பதில் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை உமாபதி கண்மாய்க்கு வந்தபோது விமானத்தைக் காரிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"இன்னைக்கு நீங்க சொல்லித்தான் ஆகணும் டீச்சர். இத்தனை நாளாப் பார்க்கிறீங்க. நடுங்குதா, இல்லையா?"

"விமானம் இன்னும் இறங்கலையே சார்."

"நீங்கதான் எத்தனையோ தடவை இறக்கிட்டீங்களே."

"நான் இறக்கினேன்."

உமாபதி பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தை எடுத்தார். ஏற்றினார். இரண்டு வட்டம் போனார். காற்றுக்கு எதிராகத் திருப்பி, மோட்டாரைக் குறைத்து, கீழே கொண்டுவந்தார். ஆள் உயரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

கருவேல மறைவிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளி ஓடிவந்தது. அதைப் பிடிக்க அதன் பின்னாலேயே ஓர் அம்மா, குனிந்தபடி, நேராக விமானம் வரும் பாதைக்குள்.

டீச்சர் எடுத்துக்கொள்வார் என்று உமாபதி நினைத்தார். அதை நினைத்து முடிப்பதற்குள் மோட்டார் வீறிட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து விலகி, கருவேல முள்ளுக்குள் போய்ச் சொருகி நின்றது. மரம் முறியும் சத்தம் இங்கே வரை கேட்டது. அந்த அம்மா குட்டியை அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "யாத்தே, இது என்ன கூத்து" என்றார். அவர்மேல் ஒரு கீறல் இல்லை.

உமாபதிக்கு மூச்சு திரும்பியது. "நல்லவேளை டீச்சர், சரியான நேரத்துல எடுத்துட்டீங்க" என்று பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் யாரும் இல்லை. ஜெனோவாவின் ரிமோட் ஸ்டூல்மேல் கிடந்தது. வயர் தரையைத் தொட்டுத் தொங்கியது. ஜெனோவா அந்த அம்மாவை நோக்கிப் பாதி தூரம் ஓடிப்போய், அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் உமாபதி கேட்டார். "நீங்க எடுக்கலையா?"

"இல்ல. நான் அவங்களை நிறுத்த ஓடினேன்."

"அப்ப யாரு திருப்பினது?"

"இங்க வேற யாரு இருக்கா சார்?"

உமாபதி தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். எந்தப் பக்கம் தள்ளினார், எப்போது தள்ளினார், ஒன்றும் நினைவில் இல்லை.

"அப்ப என் கை நடுங்கிச்சா?"

"எனக்குத் தெரியாது. நான் ஓடிக்கிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியலையா?"

"நான் விமானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஜெனோவா முள்ளை விலக்கி விமானத்தை மெதுவாக வெளியே எடுத்தார். ஓர் இறக்கை இரண்டாக மடிந்திருந்தது.

"விமானம் இறங்கிருச்சு. இப்ப கேளுங்க" என்றார்.

"நடுங்குதா?"

"நடுங்குது. சில நாள் நடுங்குது, சில நாள் இல்ல. முதல் நாள் ஊசி குத்தும்போதே பார்த்தேன்."

உமாபதி ரிமோட்டைத் தரையில் வைத்தார். "முதல் நாளே தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கையையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. விமானத்தை யாரு பார்க்கிறது?"

உமாபதி மடிந்த இறக்கையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு நான் ஆபரேஷனுக்குப் போகலாமா, கூடாதா? அதையாவது சொல்லுங்க."

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் கண்ணு அறுத்ததில்ல."

உமாபதி வீட்டுக்கு வந்ததும் ஷமீமாவுக்குப் போன் செய்தார். "எனக்கு நடுக்கம் இருக்கு. சில நாள் வருது, சில நாள் வரல. நாளைக்கு நான் உட்கார்றேன். நீங்க கையைக் கழுவிக்கிட்டுப் பக்கத்துலேயே நில்லுங்க. நான் எழுந்தா நீங்க உட்காரணும்." நிர்வாகியிடமும், திங்கள் காலையில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த மூன்று நோயாளிகளிடமும் அதையே ஒளிக்காமல் சொன்னார். மூன்று பேரும் சரி என்றார்கள்.

அடுத்த ஞாயிறு உமாபதி மாடிக்கு வந்தபோது ஜெனோவா ஒடிந்த இறக்கையை மேசையில் கிடத்தி, தாளில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உமாபதி எதிரே உட்கார்ந்து தானும் பிடுங்கினார்.

"திங்கட்கிழமை போனேன் டீச்சர்."

"ம்."

"ரெண்டு பேருக்கு நானே முடிச்சேன். மூணாவது ஆளுக்கு ஆரம்பிக்கும்போதே இது சரிப்படாதுன்னு பட்டுது. எழுந்துட்டேன். ஷமீமா உட்கார்ந்து முடிச்சாங்க."

ஜெனோவா முள்ளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

"முன்னைக்கு இப்பதான் குழப்பம் ஜாஸ்தி. நான் ஆபரேஷன் பண்ணலாம்னு ஆச்சா, பண்ணக்கூடாதுன்னு ஆச்சா? ஆஸ்பத்திரியில கேட்கிறாங்க. வீட்டுல கேட்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களாவது தெளிவாச் சொல்லுங்க."

"மூணு பேருக்கும் கண்ணு தெரியுதா?"

"தெரியுது. மூணு பேருக்கும் நல்லாத் தெரியுது."

"நீங்க என்ன கேட்டீங்க?" என்றார் ஜெனோவா.

உமாபதி இறக்கையைப் பார்த்தபடி அடுத்த முள்ளைப் பிடுங்கினார்.