சிரிப்பை அளந்த சேந்தன்

பூவரசங்குடிச் சீமையின் ராஜா கோடைமேகருக்குச் சிரிக்க நன்றாகவே வரும். ஆனால் எதற்குச் சிரிக்கலாம் என்பதைப் பண்டிதர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். இந்த வியாதி பிடித்ததிலிருந்து அரண்மனையில் வருஷா வருஷம் ‘நகைச்சுவைத் திலகம்’ என்று ஒரு விருது. எந்தெந்தக் கூத்து அந்த விருதுக்குப் போட்டியிடலாம் என்று பார்த்துச் சொல்வது மகாவித்துவான் சிற்றம்பலனாரும் அவருடைய இரண்டு சகாக்களும்.

அந்த வருஷத்துப் பெயர்களைச் சபையில் வாசித்தார்கள். ராஜாவின் பேச்சுத்துணையான சேந்தன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் பெயர், ‘சுடலைச் சோகம்’. ஆரம்பத்திலேயே நாலு பேர் சாகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் முடிகிறவரைக்கும் அழுகிறார்கள்.

“இது எப்படி ஐயா நகைச்சுவை?” என்றான் சேந்தன்.

“ஆட்டம் சின்னது. சின்ன ஆட்டமெல்லாம் நகைச்சுவையில்தான் சேர்த்தி” என்றார் வித்துவான்.

இரண்டாவது, போன வருஷம் விருது வாங்கிய கோஷ்டி.

“அவர்கள் இந்த வருஷம் ஆடவே இல்லையே?”

“ஆடியிருந்தால் நன்றாகத்தானே இருந்திருக்கும்!”

மூன்றாவது, ராஜாவின் மைத்துனர் எழுதிய நாடகம். அதைப் பற்றிச் சேந்தன்கூட ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். கட்டியக்காரன் சடையாண்டியின் பேரைக் காணோம். கூத்தில் கோமாளி வேஷம் கட்டி, சீமையையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் அவன். போட்டியில் பேர் இல்லாத கோஷ்டியைத் திருவிழாவுக்குக் கூப்பிட ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள். அவன் கோஷ்டியே கலைந்துபோகும். சேந்தன் விடவில்லை.

“சடையாண்டி என்ன பாவம் செய்தான்? அவன் ஆட்டத்துக்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்ததே!”

“அதுதான் கோளாறு. மாட்டுக்காரனும் தயிர்க்காரியும் சிரிக்கிற இடத்தில் தரம் எங்கே இருக்கும்? எனக்கு உதடுகூட அசையவில்லை.”

அடப்பாவி! அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு இந்த மனுஷன் குலுங்கியதைச் சேந்தன் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

“பொய், மகாராஜா. மற்ற மூன்றும் சேர்ந்தால்கூட அவன் கிளப்பிய சிரிப்பில் கால்வாசி தேறாது!”

மைத்துனர் முறைத்தார். ராஜாவுக்குத் தர்மசங்கடம்.

“அடேய் சேந்தா, சிரிப்பென்ன நெல்லா, மரக்காலில் அளக்க? நாளைக்குச் சபையில் நாலு கோஷ்டியும் ஆடட்டும், அளந்து காட்டு. எது அதிகம் என்று எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். காட்டினால் விருது சடையாண்டிக்கு. காட்டாவிட்டால் அவன் இந்தச் சீமையில் வேஷம் கட்டக்கூடாது. நீயும் மூட்டையைக் கட்டு.”

சேதி கேட்டுச் சடையாண்டி ஓடிவந்தான். “ஐயா, உங்களை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது? திருவிழாதான் போச்சுன்னு இருந்தேன். இப்ப வேஷமே போச்சே!”

“புலம்பாதே. நாளைக்கு வித்துவான் முகத்தைப் பார்த்தபடியே ஆடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மறுநாள் சேந்தன் ராஜாவிடம் பவ்யமாக ஒரு விண்ணப்பம் போட்டான். “நடுவர்கள் பெரியவர்கள். வெறுமனே உட்கார வைக்கலாமா? வெள்ளைவெளேரென்று புதுப் பட்டு போர்த்தி, தங்கள் கையாலேயே தாம்பூலம் கொடுக்க வேண்டும்.”

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். கொடுத்துவிட்டுத் தாமும் போட்டுக்கொண்டார். ராஜா கொடுத்த வெற்றிலையை அங்கேயே வாயில் போட்டுக்கொள்வது அந்தச் சபையின் மரியாதை. போட்டதைத் துப்பப் பக்கத்தில் படிக்கம் இருக்கும். அன்றைக்குப் பார்த்து எல்லாப் படிக்கத்தையும் துலக்க அனுப்பியிருந்தான் சேந்தன். ராஜா எதிரில் தரையில் துப்ப முடியுமா? வித்துவான் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுடலைச் சோகம் நடந்தது. பட்டு வெள்ளையாகவே இருந்தது. போன வருஷத்துக் கோஷ்டி போன வருஷத்து ஆட்டத்தையே ஆடியது. ஒரு நடுவருக்குத் தலை தொங்கியது. பட்டு அப்படியே இருந்தது. மைத்துனர் நாடகம் வந்தது. தூங்கிய நடுவர் அதற்காக எழுந்திருக்கவும் இல்லை.

அப்புறம் சடையாண்டி வந்தான். சத்தத்தில் தூங்கினவரும் விழித்துக்கொண்டார். சடையாண்டி தொந்தியைத் தள்ளி, அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, சாட்சாத் வித்துவானாகவே நின்றான். எதிரே இரண்டு காக்காய் இருப்பதாகப் பாவனை.

“இந்தக் காக்கா கரையறதுல இலக்கணம் இருக்கு. பலே! அந்தக் காக்கா கரைஞ்சா சனங்களுக்குப் புரியுது. ஆகையினால தள்ளுபடி!”

சபை அதிர்ந்தது. வித்துவானின் சகாக்களுக்குத் தோள் குலுங்கியது.

“மூணாவது காக்கா எங்கே? வரலையா? வந்திருந்தா எவ்வளவு நல்லாக் கரைஞ்சிருக்கும்! அதுக்கே குடுங்கய்யா விருதை!”

புளிச்! வலப்பக்கத்துச் சகா வெடித்தார். வெற்றிலைச் சாறு வித்துவான் தோளில் விழுந்தது. இடப்பக்கத்தவர் அதைப் பார்த்து வெடித்தார். வித்துவான் வாயைப் பொத்தினார், கண் பிதுங்கியது, விரலிடுக்கு வழியாகப் பீய்ச்சியடித்தது. மூன்று பட்டும் செக்கச்செவேல்!

சேந்தன் எழுந்தான். “அளந்தாகிவிட்டது, மகாராஜா. மூன்று ஆட்டத்துக்கும் ஒரு சொட்டு இல்லை. நாலாவதற்கு இதோ!”

வித்துவான் வாயைத் துடைத்துக்கொண்டு பதறினார். “சிரிப்பில்லை மகாராஜா! இருமல்! வெறும் இருமல்!”

எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜாவின் மீசையிலிருந்து சாறு சொட்டியது. மார்பில் முத்துமாலை பவழமாலையாக மாறியிருந்தது.

“எனக்கும் இருமல்தான், வித்துவானே” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் ராஜா. “விருது சடையாண்டிக்கு! சேந்தா, உனக்கு என்ன வேண்டும்? கேள்!”

“எனக்கொன்றும் வேண்டாம், மகாராஜா. அடுத்த வருஷம் நகைச்சுவைக்கு நடுவராக அரண்மனை வைத்தியரைப் போடுங்கள். எது அழுகை, எது தூக்கம், எது இருமல் என்றாவது அவருக்குத் தெரியும்.”