ஒரே மாதிரி இரண்டு படங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் சீடராகச் சேர்ந்தவர் பிச்சையா. அதற்கு முன் இருபது வருஷம் நில அளவைச் சங்கிலி பிடித்தவர். எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருந்தாலும், எவன் நகர்த்திவிட்டுத் திரும்ப வைத்தானோ என்று முறைக்கிற ஆள்.

அவருக்கு ஆசிரியை யூனிஸ். வயது முப்பத்து நான்கு. விமானத்தின் வயிற்றில் கேமரா கட்டி வயல்களைப் படமெடுப்பது அவர் வித்தை. ஒவ்வொரு வயலையும் சாய்வாக இரண்டு படம் எடுப்பார். கேமராவுக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி. இரண்டாவது படத்துக்கு மட்டும் அது கால் சுற்றுத் திரும்பும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் கிடந்த தண்ணீர் மேல்மடைக்கோ கடைமடைக்கோ, ஒரு பக்கத்துக்குத்தான் போதும். எங்கே நெல் கதிர் தள்ளியிருக்கிறதோ அங்கே விட வேண்டும். தவறினால் அத்தனையும் பதர். சாயங்காலம் மதகு திறப்பார்கள். அதற்குள் எந்தப் பக்கம் என்று பிச்சையா எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

மத்தியானம் படங்களோடு ஓடி வந்தார்.

"மேடம், மோசடி நடந்திருக்கு."

"எங்க?"

"மேல்மடையைப் பாருங்க. ஒரு படத்துல பளபளன்னு வெள்ளை, இன்னொண்ணுல கரும்பச்சை. சரி. கடைமடையைப் பாருங்க. ரெண்டும் அச்சு ஒண்ணுபோல. ஒரே படத்தை எவனோ ரெண்டு தடவை ஒட்டி வச்சிருக்கான்."

"எவன்?"

"கடைமடைக்காரங்க யாரையோ சரிக்கட்டியிருக்காங்க."

"அப்படி ஒட்டி அவங்களுக்கு என்ன லாபம், அண்ணாச்சி?"

பிச்சையா யோசித்தார். "அதான் மேடம், எனக்குப் பெரிய சந்தேகமே."

"படம் எடுத்தது நான்."

"உங்களைச் சொல்வேனா!" என்றார். ஆனால் அவர் கண் யூனிஸின் கையையே பார்த்தது. "மேல்மடைன்னே எழுதிடட்டுமா?"

யூனிஸ் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழையிலையை ஜன்னலோர மேஜையில் விரித்தார். வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

பிச்சையா இலைக்கு நேர் மேலே நின்று கண்ணாடியைத் திருப்பினார்.

"ஒண்ணும் மாறலையே. இதுவும் போலியா?"

"கிணத்தை எட்டிப் பாக்கிற மாதிரி நிக்காதீங்க. தள்ளி நின்னு, சாய்வா பாருங்க."

தள்ளி நின்றார். இலை வெள்ளையாக மினுங்கியது. கண்ணாடியைத் திருப்பினார். மினுக்கு அணைந்து, நரம்பு நரம்பாகப் பச்சை தெரிந்தது.

"அட!"

யூனிஸ் அவர் தோளில் கிடந்த துண்டை உருவி இலைமேல் போர்த்தினார்.

"இப்பத் திருப்புங்க."

திருப்பினார். துண்டு துண்டாகவே இருந்தது. இன்னொரு தடவை திருப்பினார். கண்ணாடியைப் புரட்டிப் பார்த்தார்.

"அதே கண்ணாடிதான், அண்ணாச்சி. நெல்லு வெறும் இலையா நிக்கிறவரைக்கும் மினுங்கும். கதிர் வெளிய வந்து இலையை மூடிட்டா?"

பிச்சையா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கடைமடைப் படங்கள் இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, 'கடைமடை' என்று எழுதினார்.

எழுதிய பிறகும் மனசு கேட்கவில்லை.

"அப்போ கதிர் வந்துட்டுன்னு கடைமடைக்காரங்க சொன்னது நெசந்தானா, மேடம்?"

"அஞ்சு நாளா சொல்லிட்டுத்தானே இருந்தாங்க" என்றார் யூனிஸ். "நாம நம்பாததாலதான் விமானம் பறந்துச்சு."