காலி அறையைத் தட்டியவள்

தங்கபுஷ்பத்துக்கு எல்லா வேலையும் வந்தது. கதவைத் தட்டிவிட்டு நிற்பது மட்டும் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல். அங்கே அறைகளைப் பராமரிக்கும் வேலைக்கு ஆறு வாரப் பயிற்சி நடந்தது. பதினோரு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. பதினோராவது ஆள் தங்கபுஷ்பம், வயது நாற்பத்தாறு. முந்திரி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் கொட்டை உடைத்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். விரல் நுனியில் ஏறிய கறுப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

சொல்லிக்கொடுத்தவள் மெர்லின். அவளுக்கு முப்பத்தொன்று. தங்கபுஷ்பம் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். இதில் யாருக்கு யார் மரியாதை கொடுக்க வேண்டும் என்ற குழப்பம் அவர்கள் இருவருக்கும் வரவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் வந்தது.

மெத்தை விரிப்பை ஒரே உதறலில் சுருக்கமில்லாமல் விழச்செய்வாள் தங்கபுஷ்பம். குளியலறை மூலையில் ஒற்றை முடி கிடந்தால் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். சின்னப் பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

ஆனால் கதவு என்று வந்தால் போச்சு.

மூன்று தட்டு தட்ட வேண்டும். "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுக்க வேண்டும். மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பதில் இல்லையென்றால் மறுபடி மூன்று தட்டு, மறுபடி பத்து. அதற்குப் பிறகுதான் சாவியில் கை வைக்கலாம்.

தங்கபுஷ்பம் தட்டுவாள். அடேயப்பா, அந்தத் தட்டுக்கு அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்துவிடுவார்.

"அக்கா, கொட்டை உடைக்கலை. இது கதவு."

"பழகின கை டீச்சர்."

சொல்லி வாய் மூடுவதற்குள் சாவி உள்ளே போயிருக்கும். பத்தாவது, எண்ணுவதாவது! ஆலையில் கை ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் மேஸ்திரி பக்கத்தில் வந்து நிற்பார். அந்தப் பயம் கைக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கக்கா."

"ஆளிருக்க ரூமைத் தட்டணும். சரி. இந்த ரூம்காரங்க பெட்டியோட காருல ஏறினதை நாம ரெண்டு பேரும் பாத்தோம்லா? பெறவு இதை எதுக்காக்கும் தட்டணும்?"

மெர்லின் மூன்று தட்டினாள். குரல் கொடுத்தாள். பத்து எண்ணினாள். மறுபடி தட்டினாள். மறுபடி எண்ணினாள். பிறகு திறந்து உள்ளே போனாள்.

"பாத்தீங்களா, யாருமில்ல," என்றாள் தங்கபுஷ்பம்.

"ஆமாக்கா, யாருமில்ல," என்று மெர்லின் ஜன்னல் திரையை விலக்கினாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? தங்கபுஷ்பத்துக்குச் சுள்ளென்று வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு கதவோடு பேசுகிற பைத்தியங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே தலையணை உறையை மாற்றினாள்.

ஆனி மாதம், சாரல் விடாமல் அடித்தது. ஹோட்டலில் பாதிக்குமேல் காலி.

"அக்கா, காலி ரூம் முப்பத்தாறு இருக்கு. எல்லாத்தையும் தட்டிட்டு வாங்க."

"திறந்து என்ன செய்யணும்?"

"திறக்க வேண்டாம். தட்டிட்டு, நின்னுட்டு, வாங்க."

அவள் போனாள். பாதிக் கதவுகளில் நின்றாள், பாதியில் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது விரல் முட்டி சிவந்திருந்தது.

"ஒரு ரூமிலயும் ஆளில்ல டீச்சர்."

"சரிக்கா. நாளைக்கும் தட்டுங்க."

வியாழக்கிழமை மாதிரித் தேர்வு. சனிக்கிழமை நிஜத் தேர்வு. அதில் தேறினால் சீருடை, வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வழுக்கைத் தலை, கையில் அட்டை, நிமிஷத்துக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம்.

வியாழக்கிழமை தங்கபுஷ்பம் தட்டினாள், திறந்தாள். எண்ண வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுக்கு நான் பூஜ்யம்தான் போட முடியும்," என்றார் அதிகாரி. "சனிக்கிழமையும் இப்படின்னா நீங்க ஃபெயில்மா. மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா செஞ்சாலும் ஃபெயில்தான்."

சின்னப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நேரே லினன் ரூமுக்குப் போனாள். விரிப்பும் துண்டும் அடுக்கி வைக்கிற சின்ன அறை. கதவைச் சாத்திக்கொண்டு துண்டுக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதாள். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேலி செய்த ஊருக்கு, சீருடையோடு வந்து காட்டுகிறேன் என்று சவால் விட்டவள். இனி எந்த முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவது?

அழும்போதே ஒன்று தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுவது இதுதான் முதல் தடவை. அவள் வீடு ஒற்றை அறை. வாசலுக்கு ஒரு பழைய சேலைதான் மறைப்பு. புருஷன் செத்த அன்று ஊரே உள்ளே நின்றது. ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து அழ இடம் கிடைக்கவில்லை.

தட், தட், தட்.

"ஹவுஸ்கீப்பிங்."

மெர்லினின் குரல்.

தங்கபுஷ்பம் பதறி எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதவு திறக்கவில்லை. மூக்கைச் சிந்தினாள். இன்னும் திறக்கவில்லை. அவிழ்ந்துகிடந்த கொண்டையை முடிந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள். உட்கார்ந்து நசுங்கிய துண்டுக் கட்டைத் தட்டி நிமிர்த்தினாள். அதற்கும் நேரம் இருந்தது.

தட், தட், தட்.

"வாங்க டீச்சர்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. வாங்க என்று அவள் சொன்ன பிறகு ஒருவர் உள்ளே வருவது இதற்கு முன் நடந்ததே இல்லை. அவள் வாசலில் எல்லோரும் உள்ளே வந்து நின்றுதான் கூப்பிடுவார்கள்.

மெர்லின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பித் துண்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"இது சாமான் ரூமு. பூட்டுகூடக் கெடையாது. இதையும் தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா தட்டினீங்க?"

"தெரியாதுக்கா."

எட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு மெர்லின் வெளியே போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தங்கபுஷ்பம் அங்கேயே நின்றாள். அழுகை திரும்ப வந்தது. இந்த அழுகை வேறு.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஓர் அறை, இரண்டு நாளாகக் காலி. வாசலில் தங்கபுஷ்பம் வண்டியோடு நின்றாள். அதிகாரி அட்டையோடு பக்கத்தில் நின்றார். மெர்லின் இரண்டடி பின்னால் நின்றாள்.

தங்கபுஷ்பம் தட்டினாள். மூன்று தட்டு. தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி இருந்தது. மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹவுஸ்கீப்பிங்."

நின்றாள். முதல் பத்து போயிற்று. அதிகாரி அட்டையில் குறித்தார். மறுபடி மூன்று தட்டு. குரல் கொடுத்தாள். நின்றாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஆறு பேர் பாக்கி இருந்தார்கள்.

"போதும்மா. முழு மார்க் போட்டாச்சு. நீங்க பாஸ். திறங்க."

பாஸ் என்ற சொல் காதில் விழுந்தது. சாவி கையில்தான் இருந்தது. கை நகரவில்லை.

"இன்னும் பத்து ஆகல சார்."

"அதான் மார்க் போட்டுட்டேனே!"

"சரி சார். ஆனா அவங்க கண்ணைத் தொடச்சு, கொண்டைய முடியணும்லா?"

அதிகாரி குழம்பிப்போனார். "யாரும்மா? இந்த ரூம்ல ஆள் போயி ரெண்டு நாளாச்சு. உள்ள யாரு இருக்கா?"

தங்கபுஷ்பம் கதவைப் பார்த்தபடியே நின்றாள்.

அதிகாரி திரும்பி மெர்லினைப் பார்த்தார். என்னம்மா பாடம் இது என்று கேட்டது அந்தப் பார்வை. மெர்லின் முன்னால் வந்து தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"எத்தன ஆச்சுக்கா?"

"ஏழு டீச்சர்."

"அப்போ நிப்போம்."