மைக்ராஸ்கோப்பைத் துடைத்த மூவர்

எங்கள் காலேஜ் விலங்கியல் லேபில் பூவராகன், எபிநேசர், தணிகாசலம் என்று மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அதனாலேயே அவர்களிடம் எதையும் சொல்ல எல்லாரும் பயந்தார்கள்.

அந்த வாரம் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. மறுநாள் காலையில் பிராக்டிகல் பரீட்சை. இருக்கிற சில மைக்ராஸ்கோப்பில்தான் வகுப்பே மாற்றி மாற்றிக் கண் வைத்தாக வேண்டும். ஒரு பிள்ளையிடமிருந்து எல்லாருக்கும் தொற்றிவிடுமே என்று திலகவதி மேடத்துக்குக் கவலை. வேறு ஆள் இல்லாததால் மூவரையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கண்ணு வைக்கிற இடம், திருகுற குமிழ் எல்லாத்தையும் ஸ்பிரிட்டால துடைங்க. ஸ்பிரிட்டை நேரா ஊத்தாதீங்க. மெத்துனு ஒரு துணியில லேசா நனைச்சுக்கங்க. லென்ஸ்ல கை படக் கூடாது. துடைச்சதும் காய விடுங்க."

"சரிங்க மேடம்" என்றார்கள். மேடம் பிரின்சிபாலைப் பார்க்கப் போனார்.

பூவராகன் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். "நேரா ஊத்தாதீங்கன்னாங்களே."

"அப்போ கோணலா ஊத்தணும்" என்றார் எபிநேசர்.

"துணியில நனைக்கச் சொன்னாங்களேப்பா" என்றார் தணிகாசலம்.

"அது வழியறதைத் துடைக்கிறதுக்கு" என்றார் எபிநேசர்.

நியாயமாகத்தான் பட்டது. பூவராகன் இடுப்பை வளைத்து நின்று, முதல் மைக்ராஸ்கோப்பின் தலையில் பக்கவாட்டில் ஊற்றினார். கறுப்புப் பெயின்ட் இளகி வழிந்தது.

"எவ்வளவு அழுக்கு பாருங்க" என்று மூவரும் வருத்தப்பட்டார்கள்.

அடுத்தது லென்ஸ். கை படக் கூடாது. மூவரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பிறகு மெல்லக் கீழே பார்த்தார்கள்.

"கால் படலாமா?"

"படக் கூடாதுன்னு சொல்லலையே."

தணிகாசலம் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பிரிட் துணியை விரலிடுக்கில் பிடித்துத் துடைத்தார். படிப்புச் சாமானில் கால் பட்டது அவருக்கு மனசைக் குத்தியது. ஒவ்வொரு தடவையும் குனிந்து, ஈரமாயிருந்த மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் சுரீர் என்றது.

"பாவம் கரையுது" என்றார் கண்ணீரோடு. கூட வேலை செய்கிறவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எபிநேசரும் அப்படியே துடைத்து, அப்படியே ஒற்றிக்கொண்டார்.

பூவராகனோ மெத்தென்ற துணிக்காகத் தன் கல்யாணப் பட்டுத் துண்டையே எடுத்து வந்திருந்தார். கண் வைக்கும் லென்ஸ்களைக் கை படாமல் அந்தத் துண்டாலேயே பிடித்துக் கழற்றி, அதன் மேல் பரப்பி, ஜன்னல் வெயிலில் காய வைத்தார். கொஞ்ச நேரத்தில் லென்ஸுக்குக் கீழே புகை கிளம்பியது.

"கிருமி வேகுது" என்றார் எபிநேசர். மூவரும் கைகட்டி நின்று பார்த்தார்கள். துண்டில் ஓட்டை விழுந்தபோது, செத்த கிருமி எவ்வளவு பெரியது என்று ஆச்சரியப்பட்டார்கள்.

"எல்லாம் போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கிருமி வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்புலதான் தெரியும்" என்றார் பூவராகன்.

"அது மைக்ராஸ்கோப்புக்குள்ளதானே இருக்கு? உள்ளேயே பார்த்துடலாம்" என்றார் எபிநேசர்.

ஒரு மைக்ராஸ்கோப்பின் குழலைத் தனியாகக் கழற்றினார்கள். இந்தப் பக்கம் தணிகாசலம் கண் வைத்தார். அந்தப் பக்கம் எபிநேசர் கண் வைத்தார்.

"இருக்குப்பா ஒண்ணு" என்றார் தணிகாசலம் மெதுவாக. "செக்கச்செவேல்னு, உருண்டையா. தண்ணி வேற வடியுது."

"என் பக்கமும் ஒண்ணு இருக்கு" என்றார் எபிநேசர். "சிமிட்டுது."

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். உரிந்த பெயின்ட்டையும், புகையும் துண்டையும், குழலின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூவராகன் முன்னால் வந்து தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்க மேடம். எல்லாம் செத்து, ரெண்டே ரெண்டுதான் பாக்கி. நாங்க மூணு பேர் இருக்கோம்."