கறுப்பாயி விராலும் கத்தாத தவளையும்

அல்லிக்கொடி மண்டிக் கிடந்த குளம் அது. கொடிகளுக்கு நடுவே கறுப்பாயி என்ற விரால் மீன் தன் குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்தது. செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் குஞ்சுகள்! அதனால் கறுப்பாயிக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். நண்டு நகர்ந்தால் சந்தேகம், இலை அசைந்தால் சந்தேகம். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்!

ஒருநாள் காலை பச்சையப்பன் என்ற தவளை அந்தப் பக்கம் தாவி வந்தது.

"அக்கா, கிட்ட வரல, இங்கேருந்தே சொல்றேன். கரையில ஒருத்தன் தூண்டிலோட நிக்கிறான்!"

"நிக்கட்டுமே! குஞ்சு பெருசாகிற வரைக்கும் நான் இரையைத் தொட மாட்டேன். பசிக்காதவளை எந்தப் புழுவைக் காட்டிப் பிடிப்பான்? கொடிக்குள்ள வீசினா முள்ளு கொடியிலதான் மாட்டும்!"

"புழு இல்லக்கா, ரப்பர் தவளை! வயிறு வழவழன்னு இருக்கு. முள்ளு ரெண்டும் மேல்நோக்கி முதுகோட ஒட்டிக் கிடக்கு. அதான் எந்த இலையிலும் மாட்டாம தாவுது. வானத்துலேருந்து விழுது, கரைப் பக்கமே போகுது. ஒரு தடவைகூடக் கத்தல!"

கறுப்பாயி கண்ணை உருட்டியது.

"இவ்வளவு அக்கறை உனக்கு எதுக்குடா? நான் பயந்து ஓடினா என் பிள்ளைங்களை முழுங்கலாம்னு பாக்குறியா?"

"ஐயோ அக்கா! சத்தியமா இல்ல!"

"போடா! இனி இந்தக் கொடிப் பக்கம் தலை தெரிஞ்சா உன்னைக் குதறிடுவேன்!"

நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்தபடி பச்சையப்பன் எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்தது.

சற்று நேரத்தில், தொப்! இலைமேல் ஏதோ விழுந்தது. பச்சை முதுகு. ஒரு தாவல், ஒரு நிறுத்தம். இன்னொரு தாவல். நேராகக் குஞ்சுகளின் தலைக்குமேல் வந்து நின்றது.

"வந்துட்டான் பார், அந்தத் திருட்டுப் பய! நான் நினைச்சது சரியாப் போச்சு!"

கறுப்பாயிக்குப் பசி இல்லைதான். கோபம் இருந்ததே! பாய்ந்து ஒரே கவ்வு. மேலே இருந்த முள் இரண்டும் அதன் மேல்வாயில் ஆழமாக இறங்கின.

தடித்த நூல். விறைப்பான கம்பு. கரையில் நின்றவன் ஒரு மூச்சில் கொடியோடு சேர்த்து இழுத்தான்.

"பச்சையப்பா, பாவி! உன்னாலதான்டா!" என்று கதறியது கறுப்பாயி.

எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது. "அக்கா! நான் இங்கே இருக்கேன் அக்கா!"

அப்போதுதான் கறுப்பாயிக்கு எல்லாம் விளங்கியது. அதற்குள் உடம்பு பாதி கரையேறிவிட்டது.

கொடிக்குள்ளே குஞ்சுகள் அம்மாவைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன. சேற்றிலிருந்து ஒரு கெளுத்தி மீன் அவற்றை நோக்கி மெல்ல மீசையை நீட்டியது.

எச்சரிக்க வந்தவனையே எதிரியாக நினைப்பவன், உண்மையான எதிரிக்குத் தானே வழி திறந்துவிடுகிறான்.