அடிக்காமல் விட்ட சொல்

“பவளக்கொடி எழுதின கடிதத்தைப் படிச்சீங்களா, அம்மா?”

கேட்டவர் சிவக்கொழுந்து. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். வெளிநாட்டிலிருந்து மடத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதினோரு வருடமாக அவர்தான் பதில் எழுதிவந்தார். போன மாதம் மடத்தின் தலைவி தவமணி அம்மா அந்த வேலையைச் சமையல்கட்டுப் பவளக்கொடியிடம் கொடுத்துவிட்டார்.

தவமணி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“படிச்சேன், வாத்தியாரே.”

“நார்வேக்காரர், போன வருஷம் மனைவியோட வந்து தங்கினாரே, அவர்தான் எழுதியிருக்கார். மனைவி இறந்துட்டாங்களாம். மறுபடி வரலாமான்னு கேக்கறார். அதுக்கு இவ பதிலைக் கேளுங்க. ‘ப்ளீஸ் கைண்ட்லி ரிட்டர்ன் பேக் அகெய்ன்.’ ப்ளீஸ் இருக்கே, கைண்ட்லி எதுக்கு? ரிட்டர்ன்னாலே திரும்பி வர்றதுதான். அப்புறம் ஒரு பேக், ஒரு அகெய்ன். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் திரும்பி வருவார்?”

அம்மா சிரித்தார்.

“சிரிக்காதீங்க. ‘ஈச் அண்ட் எவ்ரி டே’ அவங்க ரெண்டு பேர் டம்ளரையும் கழுவி வைக்கறாளாம்.”

“கழுவுறா. பார்த்திருக்கேன்.”

“நான் இங்கிலீஷைப் பத்திப் பேசறேன், அம்மா.”

“நீங்களா இருந்தா எப்படி எழுதுவீங்க?”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எழுதியே வைத்திருந்தார்.

‘யுவர் ரூம் இஸ் அவெய்லபிள்.’

“நாலே வார்த்தை. ஒண்ணைக்கூட எடுக்க முடியாது.”

“முடியாதுதான்.”

உள்ளேயிருந்து பவளக்கொடியின் குரல் வந்தது. “வாத்தியார் சார், டீ ஆறுது! உங்களுக்குன்னே தனியா எடுத்து வச்சிருக்கேன், உங்களுக்குத்தான்!”

“குடிச்சாச்சு” என்று பொய் சொன்னார் சிவக்கொழுந்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்பல்லாம் உறை மேலேயே அவ பேர்தான் வருது. பதினோரு வருஷத்துல எனக்கு ஒருத்தராவது ரெண்டாவது கடிதம் போட்டிருக்காங்களா?”

சொல்ல நினைத்தது அதுவல்ல. காதுமடல் சூடாயிற்று.

அம்மா கீரைக்காம்புகளை ஒதுக்கினார். “என் மேல உள்ள வருத்தத்தை எழுதுங்க. இங்கிலீஷ்லயே.”

நாலு வார்த்தைத் தாளைத் திருப்பிப் போட்டு, கோபத்தோடு வேகமாக எழுதினார்.

‘ஐ மைசெல்ஃப் பெர்சனலி சர்வ்ட் யூ ஈச் அண்ட் எவ்ரி டே.’

“இப்போ திருத்துங்க.”

சிவப்பு பென்சிலை எடுத்தார். படித்துப் பார்த்தார். யாரோ ஒரு மாணவன் எழுதியது போலிருந்தது.

கடைசியிலிருந்து தொடங்கினார். ‘ஈச் அண்ட்’டை அடித்தார். ‘பெர்சனலி’யை அடித்தார்.

‘மைசெல்ஃப்’ மீது பென்சில் வந்து நின்றது. பக்கத்திலேயே ‘ஐ’ இருந்தது. அது போதும். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அம்மா கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தார். பென்சில் நகரவில்லை.

“என்ன வாத்தியாரே?”

“இது ஒண்ணு இருக்கட்டும், அம்மா.”

அம்மா பவளக்கொடியின் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

சிவக்கொழுந்து அதை ஒருமுறை படித்தார். பென்சிலைப் பையில் செருகினார். கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்.

“முகவரியை மட்டும் நான் எழுதட்டுமா?”