பன்னிரண்டாவது பிள்ளை

கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது. கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டும்.

நம்மூர் நாசரேத்திலிருந்து கடல் தாண்டி, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மிஷனெரியாகப் போனார் பாதிரியார் ஞானசிகாமணி ஐயர். கூடவே மனைவி எப்சிபா, எட்டு வயது மகள் கெசியா. தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்குவதாக ஐயர் கர்த்தரிடம் பொருத்தனை செய்திருந்தார். இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இரண்டே அறை உள்ள ஒரு வாடகை வீடு.

போன புதிதிலேயே ஐயர் ஒரு சட்டம் போட்டார். “நம்ம பிள்ளை ‘எம்மா, எப்பா’ன்னு கூப்பிட்டா மத்ததுக மனசு என்ன பாடுபடும்? கெசியாவும் நம்மள ஐயா, டீச்சர்ன்னே கூப்பிடட்டும். அதுகளோட பாயிலேயே படுக்கட்டும்.”

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, பார்த்தீர்களா! எப்சிபாவும் தலையாட்டினாள். கெசியாவை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை.

காலையில் எப்சிபா பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பேன் பார்த்து, எண்ணெய் வைத்துச் சடை பின்னுவாள். சொந்தப் பிள்ளை முந்தக் கூடாது என்று கெசியா எப்போதும் கடைசி. அவள் முறை வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். தானே சீவிக்கொண்டு ஓடுவாள். வகிடு கோணிக்கொண்டு போகும்.

இப்படி இருக்கையில் வீட்டுக்காரர், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சும்மா கிடந்த பழைய ஸ்டோர் கட்டடத்தை இல்லத்துக்குக் கேட்டு, ஐயர் தோட்டத்துத் துரைக்கு, அதாவது மேனேஜருக்கு, எழுதினார். புதிதாக வந்த துரை, கொழும்புத் தமிழர், கறாரான ஆள். பன்னிரண்டு பிள்ளைகளையும் வந்து பார்ப்பேன், ஒரு தலை குறைந்தாலும் கட்டடத்தின் சாவி கிடையாது என்று பதில் எழுதினார். கட்டடம் இல்லையென்றால் பிள்ளைகள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு, ஒண்டவிட மனமில்லாத உறவுக்காரர்களிடம் திரும்ப வேண்டியதுதான். அங்கிருந்து யார் வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவார்களோ!

துரை வருவதற்கு முதல் நாள், சிவகாமி என்ற பிள்ளையை அவள் மாமன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கொழும்பில் வீட்டு வேலைக்காம். மிச்சம் பதினொன்று.

“ஒரு நாள்தானே எப்சிபா,” என்றார் ஐயர். “வரிசைல கெசியா நிக்கட்டும். அப்பா அம்மா இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“ஒங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது எம்பிள்ளை அம்மா இல்லன்னு சொல்லணுமாக்கும்?”

“அப்போ இந்தப் பதினொண்ணும் தெருவுக்குப் போகட்டும்கிறியா?”

எப்சிபாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துரை வரட்டும், என் பிள்ளை முன்னால் வந்து நிற்கட்டும், குட்டை உடைத்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

துரை காலையிலேயே வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கேட்டு, ஊர் கேட்டு, கடைசிப் பிள்ளையிடம் வந்தார். எப்சிபா தேநீர்த் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேர் என்ன?”

“கெசியா.”

“அம்மா?”

“இல்ல.”

“எப்ப தவறினவங்க?”

இந்தக் கேள்விக்கு ஐயர் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளையோ வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள்: “ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கு முந்தி இருந்தாங்க. தினமும் ரெட்டைச் சடை பின்னிவிடுவாங்க. இங்க வந்தப்பறம்தான் இல்ல.”

தட்டில் தேநீர் சிந்தியது. இத்தனை நேரம் புருஷன்மேல் கொதித்த கொதிப்பு, எப்சிபாவின் தலையிலேயே வந்து விடிந்தது. அந்தப் பாவி மனுஷன் போட்ட சட்டத்துக்குத் தலையாட்டியவள் யார்? கடைசியில் உட்காரவைத்தவள் யார்?

துரை அவள் பக்கம் திரும்பினார். “டீச்சர், தேத்தண்ணி சிந்துது. ஐயர் பன்னிரண்டு எண்டு எழுதியிருக்கிறார். நீங்க சொல்லுங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இங்க எத்தனை பேர்?”

இப்போது சொல்லுங்கள். பெற்றவள் உயிரோடு நிற்கிறாள், ஆகவே பதினொன்று என்பீர்கள். அல்லது, அம்மா இல்லை என்று பிள்ளையே சொல்லிவிட்டது, ஆகவே பன்னிரண்டு என்பீர்கள். ஒன்றில் சாவி கைக்கு வரும், ஒன்றில் போகும். எப்சிபா சொல்ல வேண்டிய உண்மையான எண் எது?

விடை இதுதான். எப்சிபா தட்டைத் தரையில் வைத்தாள். “இந்த நிமிசம் வரைக்கும் பன்னிரண்டு துரை. பிள்ள சொன்னது பொய்யில்ல. இனிமே பதினொண்ணு. இது என் மக.” துரை ஐயரை ஒரு பார்வை பார்த்தார். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டாவது பிள்ளை வந்தால் சாவி, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கைய எடுங்க,” என்றாள் எப்சிபா. “நானும் எம்மகளும் கொழும்புக்குப் போயி சிவகாமியத் தேடிக் கூட்டிட்டு வாறோம். வர்ற வரைக்கும் இந்தப் பதினோரு தலையையும் நீங்க பின்னுங்க, அப்பத் தெரியும்.” பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, “வாட்டி, மொதல்ல நீ,” என்று கெசியாவைக் கூப்பிட்டாள். மற்ற பதினொன்றும் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் முறைக்குக் காத்திருந்தன. ஒரு பிள்ளைக்கும் மனசு ஒடியவில்லை.